சீஷத்துவம்னு நம்பி என் பொறுப்பை இன்னொருத்தர் கையில கொடுத்தப்ப நடந்தது

"சீஷத்துவ பயிற்சி" (இயேசுவோட சீஷனா வாழ கத்துக்கிறது), "ஆவிக்குரிய கவரிங்" (ஒரு தலைவரோட ஆவிக்குரிய பாதுகாப்புக்கு கீழ இருக்கிறது), "ஒரு மேய்ப்பனுக்கு கீழ இருக்கணும்" இப்படி சொல்லி கூப்பிடுற குழுக்கள்ல சேரப்போற தம்பி தங்கச்சிங்களுக்காக இதை எழுதுறேன். சேராதீங்கன்னு சொல்ல வரல, தனியா இருந்தே விசுவாசத்துல வளர்ந்தவங்க யாரையும் நான் பார்த்ததில்ல, நமக்கு ஆட்கள் வேணும். ஆனா அவங்ககிட்ட எதை கேட்கலாம், எதை அவங்க கையில கொடுக்கவே கூடாதுன்னு யாராவது எனக்கு ஆரம்பத்துலயே சொல்லியிருந்தா பல வருஷ சேமிப்பும் ஒரு நல்ல வேலையும் போயிருக்காது, எங்க அப்பாவும் அந்த அளவுக்கு கஷ்டப்பட்டிருக்க மாட்டாரு. எனக்கு சொல்ல ஆள் இல்ல, அதனால நான் சொல்றேன்.

வேலைக்கு சேர்ந்து கொஞ்ச வருஷம் ஆகியிருந்த நேரம் அது. கணக்குப் பிரிவுல வேலை, சம்பளம் ஒழுங்கா வந்துச்சு, வீட்டுக்கும் கொடுத்துட்டு எனக்கும் சேர்த்து வைக்க முடிஞ்சுது, ஆனா உள்ளுக்குள்ள ஒரே வறட்சி. ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு போவேன், பாடுவேன், கண்ணீர் கூட வரும், திங்கக்கிழமை காலையில ஆபீஸ்ல உட்கார்ந்தா அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது. இயேசுவை கும்பிட்டா மட்டும் போதாது, அவர் பின்னாடி நடக்கணும்ங்கிற தாகம் அப்ப ரொம்ப இருந்துச்சு, அந்த தாகம் தப்பில்லன்னு இப்பவும் சொல்வேன். அப்பதான் தெரிஞ்ச அக்கா ஒருத்தங்க ஒரு சின்ன ஐக்கியத்துக்கு, அதாவது ஒண்ணா கூடி ஜெபிக்கிற ஒரு குழுவுக்கு, கூட்டிட்டு போனாங்க. ஒரு அண்ணனும் அவரு மனைவியும் நடத்துறாங்க, வாரத்துல மூணு நாலு நாள் கூடுவோம். காலையில எழுந்து வேதம் வாசிக்கிற பழக்கம் எனக்கு அங்கதான் வந்துச்சு. நோயாளிங்களை போய் பார்க்கிறது, கோபம் வந்தா வாயை கட்டுறது, ஆபீஸ்ல ஒரு பில்லுல கூட பொய் எழுத மாட்டேன்னு நிக்கிறது, இதெல்லாம் அங்க கத்துக்கிட்டேன், இன்னிக்கும் என்கிட்ட இருக்கு, அதுக்கு நன்றி இருக்கு. அந்த அண்ணன் மோசக்காரரும் இல்ல, தனக்குன்னு அவரு எதையும் சேர்த்த மாதிரி எனக்கு தெரியல, தான் சொல்றதை அவரே முழுசா நம்பினாரு. இதை ஏன் சொல்றேன்னா, நாம எல்லாரும் ஏமாத்துக்காரனை தேடுவோம், ஏமாத்துக்காரன் இல்லன்னு தெரிஞ்சதும் காவலை இறக்கிடுவோம். உண்மையா நம்புற ஒருத்தர் கையில கூட நம்ம வாழ்க்கையோட லகானை கொடுக்கக் கூடாது.

எல்லாம் ஒரே நாள்ல நடக்கல. முதல்ல வாரத்துக்கு ஒரு தடவை உட்கார்ந்து இந்த வாரம் எங்க விழுந்தேன், எங்க நின்னேன்னு சொல்லணும், ஒருவருக்கொருவர் குற்றங்களை அறிக்கையிடுங்கன்னு யாக்கோபு 5:16ல இருக்குல்ல, நல்லதுதானேன்னு சொன்னேன். ஆனா அந்த வசனம் சொல்றது ஒருத்தருக்கொருத்தர், அங்க நாங்க மட்டும்தான் சொல்வோம், அவரு எங்ககிட்ட எதையும் சொன்னதில்ல. அப்புறம் ஊருக்கு போகணும்னா முன்னாடியே கேட்கணும். அப்புறம் யார்கூட பழகலாம், வீட்ல பார்க்கிற வரனுக்கு என்ன பதில் சொல்லணும், எந்த பிரசங்கியாரோட செய்தியை கேட்கலாம், எல்லாமே கேட்டுட்டுதான். சம்பளத்துல எவ்வளவு வீட்டுக்கு, எவ்வளவு ஊழியத்துக்குங்கிறது கூட அவரு சொல்றதுதான். ஒவ்வொண்ணும் முந்தினதை விட கொஞ்சம்தான் பெருசு, அதனால எந்த இடத்துலயும் "இது அதிகம்"னு தோணவே இல்ல. இன்னொண்ணும் உண்மையை சொல்லிடுறேன், முடிவெடுக்கிற பாரம் தோள்ல இருந்து இறங்குறப்ப ஒரு நிம்மதி வரும் பாருங்க, அது அவ்வளவு சுகமா இருக்கும், அதை தேவசமாதானம்னுதான் நாங்க எல்லாரும் நினைச்சுக்கிட்டோம்.

கேள்வி கேட்கிற இடமெல்லாம் ரெண்டு வசனம் வந்து நிக்கும். ஒண்ணு எபிரெயர் 13:17, உங்களை நடத்துறவங்களுக்கு கீழ்ப்படிந்து அடங்குங்கள். இன்னொண்ணு 1 சாமுவேல் 15:23, இரண்டகம்பண்ணுதல், அதாவது எதிர்த்து கலகம் பண்றது, பில்லிசூனிய பாவத்துக்கு சமம். வெளிய வந்த பிறகு இதை ரெண்டையும் முன்னாடி பின்னாடி சேர்த்து வாசிச்சேன். எபிரெயர் அதே அதிகாரத்துல 7ஆம் வசனம், நடத்தினவங்களோட நடக்கையின் முடிவை நல்லா சிந்திச்சு பார்த்து அவங்க விசுவாசத்தை பின்பற்ற சொல்லுது, அதாவது கண்ணை திறந்து பார்த்துட்டு பின்பற்றுன்னு. சாமுவேல் பேசினது ஒரு ராஜாகிட்ட, தேவன் நேரடியா கொடுத்த கட்டளையை மீறினதுக்காக, கேள்வி கேட்ட ஒரு சாதாரண விசுவாசிகிட்ட இல்ல. பவுல் ஒரு அப்போஸ்தலன், அவரு பேசினதையே பெரோயா பட்டணத்துக்காரங்க வேதத்தோட ஒத்துப் பார்த்தாங்க, அதுக்கு அப்போஸ்தலர் 17:11 அவங்களை நற்குணசாலிகள்னு பாராட்டுது. அதே பவுல்தான் 2 கொரிந்தியர் 1:24ல உங்க விசுவாசத்துக்கு நாங்க அதிகாரிகள் இல்ல, உங்க சந்தோஷத்துக்கு சகாயர்னு எழுதுறாரு.

இது எனக்கு மட்டும் நடந்ததுன்னு ரொம்ப நாள் நினைச்சேன். அப்புறம் தேடி படிக்கிறப்பதான் தெரிஞ்சுது, 1970கள்ல அமெரிக்காவுல ஃபுளோரிடா மாகாணம் ஃபோர்ட் லாடர்டேல்ல இருந்து ஷெப்பர்டிங் மூவ்மெண்ட்னு (மேய்ப்பர் இயக்கம்) ஒண்ணு கிளம்பி பெரிய அளவுல பரவியிருக்கு. பாப் மம்ஃபோர்ட், டெரெக் பிரின்ஸ், சார்லஸ் சிம்ப்சன், டான் பாஷம், எர்ன் பாக்ஸ்டர்னு அஞ்சு பேரு, எல்லாரும் நல்லா வேதம் தெரிஞ்ச போதகர்கள். ஒவ்வொரு விசுவாசிக்கும் மேல ஒரு தனி மேய்ப்பன், வேலை, கல்யாணம், பணம்னு பெரிய முடிவெல்லாம் அவருகிட்ட கேட்டுத்தான், தசமபாகம் (வருமானத்துல பத்துல ஒரு பங்கு) கூட அந்த மேய்ப்பன்கிட்ட. நிறைய பேரு அடிபட்டாங்க. டெரெக் பிரின்ஸ் 1980கள்ல அதுல இருந்து விலகிட்டாரு, பாப் மம்ஃபோர்ட் 1989-90 வாக்குல பகிரங்கமா மன்னிப்பு கேட்டாரு. இதை படிச்சப்ப எனக்கு அழுகையே வந்துருச்சு, நான் உட்கார்ந்து கேட்ட அதே பேச்சு, நான் பிறக்கிறதுக்கு முன்னாடியே பேசப்பட்டு, அது தப்புன்னு அதை பேசினவரே சொல்லியும் முடிச்சாச்சு, எங்ககிட்ட மட்டும் யாரும் சொல்லல.

சரி, நடந்ததுக்கு வரேன். ஒரு உபவாச ஜெபத்துல அண்ணன் என் தலையில கை வச்சு, கர்த்தர் உன்னை முழுநேர ஊழியத்துக்கு கூப்பிடுறாரு, வேலையை விட்டுரும்மான்னு சொன்னாரு. எல்லாரும் அழுது ஸ்தோத்திரம் பண்ணாங்க. எனக்குள்ள ஒரு பயம் இருந்துச்சு, அண்ணா ஒரு ஆறு மாசம் கணக்கு போட்டு பார்த்துட்டு செய்யட்டுமான்னு கேட்டேன், கணக்குப் பார்க்கிறது அவிசுவாசம், பேதுரு வலையை விடுறதுக்கு முன்னாடி கணக்கா பார்த்தான்னு கேட்டாரு. நானும் ராஜினாமா எழுதி கொடுத்துட்டேன். தினமும் கணக்கு பார்க்கிறதையே தொழிலா வச்சிருந்த எனக்கு லூக்கா 14 அப்ப ஞாபகத்துக்கு வரல. சீஷனா இருக்கிறதுன்னா என்னன்னு இயேசு ரொம்ப கடுமையா பேசுற அதே இடத்துல, சிலுவையை சுமக்கணும்னு சொல்லிட்டு அடுத்த வாக்கியத்துலயே கோபுரம் கட்டுறவன் முதல்ல உட்கார்ந்து செல்லும் செலவை கணக்குப் பார்க்க மாட்டானான்னு கேட்கிறாரு. செலவை எண்ணிப் பார்க்கிறது சீஷத்துவத்துக்கு எதிரி இல்ல, அதோட முதல் படியே அதுதான். அவசரப்படுத்துறவங்க யாரா இருந்தாலும் அந்த பகுதியை எடுத்து வாசிச்சு காட்டுங்க. தேவன் சொன்னது அடுத்த மாசமும் தேவன் சொன்னதாத்தான் இருக்கும், காத்திருந்தா கெட்டுப்போற அழைப்புன்னா அதை சந்தேகப்படுங்க.

வேலையை விட்டப்ப கைக்கு வந்த பணமும் அது வரைக்கும் சேர்த்ததுல முக்கால்வாசியும் கூடுற இடத்துக்கும் ஒரு வண்டிக்கும் போச்சு. ரசீது கிடையாது, கேட்கவும் தோணல, வலது கை கொடுக்கிறது இடது கைக்கு தெரியக் கூடாதுன்னு ஒரு வசனம் போதுமா இருந்துச்சு. அந்த வசனம் கொடுக்கிறவன் பெருமை அடிக்கக் கூடாதுன்னு சொல்லுது, வாங்குறவங்க கணக்கு வைக்கக் கூடாதுன்னு சொல்லல. 2 கொரிந்தியர் 8:19ல இருந்து 21 வரைக்கும் வாசிச்சு பாருங்க, எருசலேம் ஏழைங்களுக்கு சேர்த்த பணத்தை கொண்டு போக சபைகள் தெரிஞ்செடுத்த ஒரு ஆளையும் பவுல் கூட வச்சிக்கிறாரு, யாரும் தன்னை குத்தம் சொல்லிடக் கூடாதுன்னு, கர்த்தருக்கு முன்னாடி மட்டும் இல்ல மனுஷருக்கு முன்னாடியும் யோக்கியமா நடக்கணும்னு. கொடுக்கிறதை பத்தி 9:7, விசனமாவும் இல்ல கட்டாயமாவும் இல்ல, தன் மனசுல நியமிச்சபடி. யாரு மனசுல? கொடுக்கிறவனோட மனசுல. நிலத்தை வித்து அதுல ஒரு பங்கை மறைச்சுட்டு, முழுசும் இதுதான்னு காட்டின அனனியாகிட்ட பேதுரு கேட்டதும் இதேதான், விக்கிறதுக்கு முன்னாடி நிலம் உன்னோடது, வித்த பிறகும் பணம் உன் கையிலதானே இருந்துச்சுன்னு (அப்போஸ்தலர் 5:4). அவன் செத்தது பொய் சொன்னதுக்காக, கொஞ்சமா கொடுத்ததுக்காக இல்ல. இந்த கதையை சொல்லி பயமுறுத்தி பணம் கேட்கிற இடத்துல இருந்து உடனே எழுந்து வந்துருங்க.

அதுக்கப்புறம் ஒரு வருஷம் கூட ஆகல, அப்பாவுக்கு இருதயத்துல அடைப்புன்னு சொல்லிட்டாங்க. ஆபரேஷன் பண்ணணும். வேலையில இருந்தப்ப அப்பா அம்மாவையும் சேர்த்து ஆபீஸ்ல மருத்துவ காப்பீடு இருந்துச்சு, வேலையோட அதுவும் போயிருச்சு. கையில பணம் இல்ல. அண்ணன்கிட்ட போய் நான் கொடுத்ததுல கொஞ்சம் கடனா கொடுங்க, திருப்பி தந்துடுறேன்னு கேட்டேன். அது கர்த்தருடையது, பீடத்துல வச்சதை எடுக்க முடியாதுன்னு சொன்னாரு. ஒரு மாசம் வீட்ல இருந்து அப்பாவை பார்த்துக்கிறேன்னு கேட்டதுக்கு, மரித்தோர் தங்கள் மரித்தோரை அடக்கம்பண்ணட்டும்னு இயேசு சொல்லியிருக்காரும்மான்னாரு. உயிரோட மூச்சு வாங்கிட்டு படுத்திருக்கிற எங்க அப்பாவை பத்தி அந்த வசனம். அன்னிக்குதான் எனக்குள்ள ஏதோ ஒண்ணு முறிஞ்சுது, எனக்கு கோபம் கூட வரல, அப்படியே விறைச்சு போயிட்டேன். கடைசியில சொந்தக்காரங்க கிட்டயும் வட்டிக்கும் வாங்கி, தேதி தள்ளி தள்ளி போய் ஆபரேஷன் நடந்துச்சு. அப்பா பிழைச்சுட்டாரு, தேவனுக்கு ஸ்தோத்திரம், ஆனா தள்ளிப்போன அந்த வாரங்கள்ல அவரு பட்ட வலியை நான் பக்கத்துல உட்கார்ந்து பார்த்தேன். அந்த கடனை அடைக்க வருஷங்கள் ஆச்சு.

கொர்பான்னு மாற்கு 7ல இயேசு திட்டுறது நேரா இந்த விஷயத்தைத்தான். அப்பா அம்மாவுக்கு உதவ வேண்டியதை தேவனுக்கு காணிக்கைன்னு சொல்லிட்டா கடமை முடிஞ்சுதுன்னு போதிச்சவங்களை பார்த்து, நீங்க தேவவசனத்தை அவமாக்குறீங்க, செல்லாததாக்குறீங்கன்னு சொல்றாரு. 1 தீமோத்தேயு 5:8 இன்னும் கடுமை, தன் வீட்டாரை விசாரியாதவன் விசுவாசத்தை மறுதலித்தவன், அவிசுவாசியிலும் கெட்டவன். சிலுவையில தொங்கிட்டு இருக்கிறப்பவே தன் அம்மாவை ஒரு சீஷன்கிட்ட ஒப்படைச்சவரு நம்ம ஆண்டவர். அதனால உங்க வருமானம், வீட்ல உள்ளவங்களோட மருத்துவ செலவு, நீங்க பொறுப்பேத்துக்கிட்ட தம்பி தங்கச்சி படிப்பு, இதெல்லாம் ஊழியத்துக்கு இடைஞ்சல்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க, இதுவே உங்க ஊழியம். பவுல் கொரிந்துவுல ஆக்கில்லா பிரிஸ்கில்லாங்கிற தம்பதி கூட சேர்ந்து கூடாரம் பண்ணி சம்பாதிச்சாரு, இரவும் பகலும் வேலை செஞ்சோம்னு தெசலோனிக்கேயருக்கு எழுதுறாரு, அவரை யாரும் அரைகுறை ஊழியக்காரன்னு சொல்லல.

ஐக்கியத்துக்கு போறதை நிறுத்தினதும் நடந்ததுதான் பணம் போனதை விட வலிச்சுது. தினமும் பேசின அக்காங்க, ஒண்ணா ஜெபிச்ச தங்கச்சிங்க, ஒருத்தர் விடாம பேசுறதை நிறுத்திட்டாங்க. பின்வாங்கிப் போயிட்டான்னு பேரு. நான் அந்தரங்கத்துல அறிக்கையிட்ட விஷயங்கள் வெளிய வந்துச்சு. வீட்ல போய் சொல்லவும் வாய் வரல, அவங்க பேச்சை கேட்காமதானே வேலையை விட்டேன். தேவனே என்னை தள்ளிட்டாரோங்கிற பயத்துல ராத்திரி எல்லாம் முழிச்சே கிடந்தேன், வேதத்தை திறந்தா அந்த அண்ணன் குரல்லயே கேட்கும். அந்த நேரத்துலதான் 1 இராஜாக்கள் 13 கண்ணுல பட்டுச்சு. யூதாவுல இருந்து பெத்தேலுக்கு வந்த தேவமனுஷன்கிட்ட கர்த்தர் நேரடியா சொல்லியிருக்காரு, அங்க அப்பம் சாப்பிடாதே, தண்ணி குடிக்காதேன்னு. பெத்தேல்ல இருந்த ஒரு கிழவனான தீர்க்கதரிசி வந்து, தூதன் என்கிட்ட சொன்னான், வா வந்து சாப்பிடுன்னு பொய் சொல்றான். இவனும் போறான், சாப்பிடுறான், திரும்பிப் போற வழியில சிங்கம் கொன்னு போடுது. பொய் சொன்னவன் சாகல, கேட்டவன்தான் செத்தான். முதல்ல வாசிச்சப்ப இது அநியாயமா தோணுச்சு. அப்புறம்தான் உறைச்சுது, பெரியவர் சொன்னாரு, ஊழியக்காரர் சொன்னாருங்கிறதை தேவன் முன்னாடி பதிலா வைக்க முடியாது. ரோமர் 14:12, நம்மில் ஒவ்வொருவனும் தன்னைக்குறித்து தேவனுக்குக் கணக்கொப்புவிப்பான். என் கணக்கை அந்த அண்ணன் கொடுக்கப் போறதில்ல, அவரு கணக்கை நான் கொடுக்கப் போறதில்ல. அந்த வசனம் என்னை குத்தப்படுத்தல, கையில இருந்து போன ஒண்ணை திருப்பி கொடுத்த மாதிரிதான் இருந்துச்சு.

வேலை திரும்ப கிடைச்சுது, பழைய சம்பளத்தை விட ரொம்ப குறைச்சல், எனக்கு அப்புறம் சேர்ந்தவங்க எனக்கு மேல இருந்தாங்க. ஒரு சபைக்கும் பின்வரிசையில உட்கார்ந்து போக ஆரம்பிச்சேன். அங்க இருந்த வயசான பாஸ்டர்கிட்ட ஒரு சின்ன விஷயத்துக்கு, இதை செய்யட்டுமா ஐயான்னு கேட்டேன். நீ என்னம்மா நினைக்கிறேன்னு திருப்பி கேட்டாரு. எனக்கு பதில் வரல. நிஜமாவே எனக்கு எந்த நினைப்பும் இல்ல, பல வருஷமா என்கிட்ட யாரும் அதை கேட்கல, நானும் என்கிட்ட கேட்கல. கட்டு போட்டு ரொம்ப நாள் வச்சிருந்த கை மாதிரி அந்த பாகம் சுருங்கியே போயிருந்துச்சு. அவரு அவசரப்படுத்தாம, போய் ஜெபம் பண்ணு, யோசி, உங்க அம்மாகிட்டயும் கேளு, அடுத்த வாரம் வந்து நீ என்ன முடிவு பண்ணேன்னு எனக்கு சொல்லுன்னாரு. இப்படியே கொஞ்சம் கொஞ்சமாத்தான் திரும்பி வந்தேன்.

இப்ப ரெண்டு தங்கச்சிங்க என்கூட உட்கார்ந்து வேதம் வாசிக்கிறாங்க. அக்கா நான் என்ன பண்ணட்டும்னு கேட்பாங்க, பதில் நாக்கு நுனி வரைக்கும் வரும், அடக்கிடுவேன். வேதம் இதை பத்தி நேரா ஏதாவது சொல்லுதா பாரு, செலவு கணக்கை எழுது, உன்னை நல்லா தெரிஞ்ச, உன் முடிவால எந்த லாபமும் இல்லாத மூணு பேருகிட்ட கேளுன்னு சொல்வேன். நான் விழுந்ததையும் அவங்ககிட்ட சொல்றேன், அவங்க மட்டும் சொல்ற இடமா இது இருக்கக் கூடாது. பணம் அவங்ககிட்ட வாங்குறதே இல்ல. கர்த்தர் சொன்னாருன்னு யாராவது அவங்களுக்கு ஏதாவது சொன்னா தேதி போட்டு எழுதி வைக்க சொல்லியிருக்கேன், தீர்க்கதரிசனத்தை மத்தவங்க நிதானிக்கணும்னு 1 கொரிந்தியர் 14:29லயே இருக்கு, எழுதி வச்சாத்தான் நிதானிக்க முடியும். ஒருத்தி போன மாசம் எடுத்த முடிவு எனக்கு சரின்னு படல, அதை ஒரு தடவை அவகிட்ட சொன்னேன், அப்புறம் அவளுக்காக ஜெபம் பண்றேன், அவ்வளவுதான் என் எல்லை.

ஏற்கனவே உள்ள மாட்டியிருக்கிறவங்களுக்கு சில விஷயம். வெளிய வர்றதுக்கு முன்னாடி உங்க சர்டிஃபிகேட், பேங்க் பாஸ்புக், அடையாள அட்டை எல்லாம் உங்க கையில இருக்கான்னு பாருங்க, யார்கிட்டயாவது "பத்திரமா இருக்கட்டும்"னு கொடுத்திருந்தா முதல்ல அதை வாங்குங்க. வேற யாருக்காவது உங்க பாஸ்வேர்டு தெரிஞ்சா மாத்துங்க. விளக்கம் கொடுக்க நேர்ல தனியா போகாதீங்க, அங்க போய் உட்கார்ந்தா எழுந்து வர முடியாது, ரெண்டு மூணு வரியில மரியாதையா எழுதி அனுப்புங்க. மத்தவங்களையும் சேர்த்து இழுத்துட்டு வரணும்னு அப்பவே போராட வேண்டாம், அவங்க கேட்குறப்ப நீங்க பேசுற நிலையில இருந்தா போதும். பணத்தை திருப்பி கேட்கணும்னா எழுத்துல கேளுங்க, எனக்கு எதுவும் வரல, ஆனா கடன்னு எழுதி வாங்கி வச்சிருந்த ஒரு தம்பிக்கு பாதி வந்துச்சு. வீட்ல உள்ளவங்ககிட்ட சீக்கிரம் சொல்லிடுங்க, நான் பயந்த மாதிரி எங்க அம்மா ஒரு வார்த்தை திட்டல. முதல் சில மாசம் ஜெபம் வராது, வசனம் வாசிச்சா நெஞ்சு படபடக்கும், தூக்கம் போயிரும், எனக்கு இதெல்லாம் இருந்துச்சு. அப்ப சுவிசேஷத்துல ஒரு சின்ன பகுதி மட்டும் எடுத்து, இயேசு என்ன பேசுறாரு, யார்கிட்ட பேசுறாருன்னு மட்டும் பாருங்க. தூக்கம் ரொம்ப நாளா வரலன்னா டாக்டரை போய் பாருங்க, அதை யாரும் அவிசுவாசம்னு சொல்ல விடாதீங்க, நான் போனேன், மருந்தும் சாப்பிட்டேன், ஜெபமும் பண்ணேன்.